காஞ்சிபுரம் காந்தி சாலை: வாசல் வெளிச்சத்தில் எடுத்த முகூர்த்தப் புடவை

என்னுடைய முகூர்த்தப் புடவையை 1989இல் மாலை ஏழு மணிக்கு எடுத்தார்கள். சென்னையில் நல்ல பெயர் உள்ள கடை. காலையிலிருந்து நகைக்கடை, பாத்திரக்கடை என்று ஏறி இறங்கி, அப்பாவுக்குக் கால் வீங்கி, அம்மாவுக்குத் தலைவலி வந்த பிறகு கடைசியாக அங்கே போனோம். குழல் விளக்கின் கீழே அது அழகான அரக்கு. மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் அம்மா பிரித்து உதறியபோது அது செங்கல் நிறமாக இருந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறிப் போனார். முகூர்த்தப் புடவையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் புடவையில்தான் என் கழுத்தில் தாலி ஏறியது. அதை நான் வெறுக்கவில்லை. ஆனால் பீரோவைத் திறக்கும்போதெல்லாம், வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்க வேண்டிய அப்பா அதே பையோடு வந்து நின்றது நினைவுக்கு வரும்.

என் மகளுக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். அவளுடைய புடவையைப் பகல் வெளிச்சத்தில்தான் எடுப்பது, அதையே அன்றைய முதல் வேலையாக வைத்துக்கொள்வது என்று நிச்சயதார்த்தத்தன்றே முடிவு செய்துவிட்டேன். ஆடி பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சம்பந்தியம்மா சொன்னார்கள். ஆக, ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, ஆறு பெண்களாகக் காஞ்சிபுரம் போய்வந்தோம். காலை ஏழு மணி முதல் இரவு எட்டரை வரை நீண்ட அந்த நாளில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எண்பது வயதுத் தாயாரையும், முதல் முறையாகச் சேர்ந்து பயணம் செய்யும் சம்பந்தி வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போன எனக்கு இது பெரிய விஷயம். எது எங்களுக்கு உதவியது என்பதைக் கல்யாண ஜவுளி எடுக்கப் போகிற மற்றவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது’ என்று அம்மா சொன்னார். எனக்கு அதைவிடப் பயன்பட்டது வேறு கணக்கு. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. அந்த நேரத்தில் யாரும் ஜவுளி எடுக்கமாட்டார்கள். ஆகவே எல்லோரும் மறுபேச்சின்றிச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை போனால் ராகு காலம் பத்தரைக்கே வந்து, கண் தெளிவாக இருக்கும் நல்ல நேரத்தைத் தின்றுவிடும். நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்து போகும் கூட்டத்தில், ஒன்றரை மணி நேர ஓய்வைச் சண்டையில்லாமல் வாங்கித் தருவது பஞ்சாங்கம்தான்.

எமகண்டம் ஏழரைக்குத் தொடங்கும் முன்பே தாம்பரத்தில் ரயில் ஏறிவிட்டோம். வேன் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணி சொன்னார். நான்தான் ரயில் என்று நின்றேன். செங்கல்பட்டைத் தாண்டியதும் கூட்டம் குறைந்துவிடுகிறது. பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத் என்று வண்டி நிதானமாகப் போகும்போது அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். சம்பந்தியம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேச முடிந்தது. வேனில் முன்பின் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது. அந்தப் பேச்சில்தான் முக்கியமான ஒன்று தெரிந்தது. அவர்கள் பக்கத்து வழக்கப்படி கூறைப்புடவை, அதாவது முகூர்த்தப் புடவை, மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அவர்கள் ஒதுக்கியிருந்த தொகை 45,000 ரூபாய். நிறம் அரக்காக இருக்க வேண்டும். முந்தியில் அன்னமோ மயிலோ இருந்தால் மகிழ்ச்சி. கறுப்பு நூல் ஓரிடத்திலும் கூடாது. இவ்வளவும் கடைக்குள் நுழைவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கடையில் விற்பவர் எதிரில் தொகையைப் பற்றிக் கிசுகிசுக்க வேண்டிய சங்கடம் இருவருக்குமே மிச்சம்.

ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு தவறு செய்தேன். காந்தி சாலை என்று சொல்லித்தான் ஆட்டோ ஏறினோம். ஓட்டுநர், “நேராக நெசவாளர் வீட்டுக்கே அழைத்துப் போகிறேன் அம்மா, பாதி விலைக்குக் கிடைக்கும்” என்றார். மாப்பிள்ளையின் அக்காவுக்குத் தறி பார்க்க ஆசை. சரி என்றுவிட்டேன். ஒரு சந்துக்குள் போய் நின்றது. முன்னறையில் ஒரு தறி இருந்தது. அதில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், பூட்டியிருந்ததே தவிர, நெய்பவர் யாரும் இல்லை, மிதிகட்டையில் தூசி படிந்திருந்தது. உள்ளறை முழுக்க அலமாரிகளோடு கடை. காட்டிய புடவை ஒவ்வொன்றும் ‘அசல் ஜரிகை’ என்றார்கள். ஜரிகை விவரத்தைப் பில்லில் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைத்துத் தருகிறோம் என்று பதில் வந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். முக்கால் மணி நேரம் போய்விட்டது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் உண்மையாகவே தறி ஓசை கேட்கும் தெருக்கள் இருக்கின்றன. தெரிந்தவர் துணையோடு அங்கே போவது வேறு. வண்டிக்காரர் அழைத்துப் போகும் இடத்தில் அவருக்குரிய கமிஷனும் புடவை விலையில் ஏறியிருக்கும். ஏறும்போதே கடையின் பெயரைச் சொல்லி, அங்கே மட்டும்தான் இறங்குவோம் என்று சொல்லிவிடுங்கள்.

காந்தி சாலையில் தனியார் பட்டுக் கடைகளுக்கு நடுவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், திருவள்ளுவர், முருகன் என்று பல பெயர்களில் சங்கங்கள் உண்டு. அண்ணா பிறந்த ஊர் இது. அவர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அம்மா பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் மூன்று சங்கங்களுக்குப் போனோம், மூன்றாவதில் எடுத்தோம். பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் மெச்சுகிற குணங்களில் பாதி மூன்றிலுமே இருந்தன. குறையாகச் சொல்லப்போவது ஓரிடத்தில் மட்டும் நேர்ந்தது. அது எந்த இடம் என்று ஊகிக்கவும் நான் இடம் தர விரும்பவில்லை.

சங்கக் கடைகளில் விலை பேசுவது கிடையாது. சீட்டில் உள்ளதுதான் விலை. தள்ளுபடி இருந்தால் அது எல்லோருக்கும் ஒன்றே. பேரம் பேசாமல் வாங்கினால் ஏமாந்ததுபோல் ஆகிவிடும் என்று அண்ணி முதலில் வருத்தப்பட்டார். பத்து நிமிடத்தில் அவரே மாறிவிட்டார். விலையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றானதும் மனம் முழுக்கப் புடவைமேல் போகிறது. பார்க்கிற ஒவ்வொன்றையும் ‘இதில் எவ்வளவு குறைப்பார்கள்’ என்று எடைபோட்டுக்கொண்டே இருப்பதுதான் ஜவுளி எடுக்கும் நாளில் மனிதரைச் சோர்வாக்குகிறது என்று நான் நினைக்கிறேன். கால்வலி அதற்கு அடுத்ததுதான்.

மூன்றாவது சங்கத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார வைத்தார்கள். கேட்பதற்கு முன்பே அம்மாவுக்கு முதுகு சாயும் நாற்காலி வந்தது. எங்களுக்குப் புடவை காட்டியவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். இருபது வருடம் தறியில் உட்கார்ந்து, முழங்கால் விட்டுப்போனபின் விற்பனைப் பக்கம் வந்தவராம். அவர் எடுத்தவுடன் புடவையைக் காட்டவில்லை. “பெண்ணுக்கு என்ன நகை போடப் போகிறீர்கள் அம்மா?” என்று கேட்டார். என் மாமியாரின் கெம்பு அட்டிகையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் பெரிய ஜரிகைக் கட்டம் வேண்டாம், உடலில் சின்னப் புட்டா போதும்” என்றார். நகையின் படத்தை எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு படம் நாற்பது புடவைகளைப் பிரிக்காமலே ஒதுக்கிவிட்டது.

நான் முப்பத்தொன்பது வருடம் அஞ்சல் நிலையக் கவுன்ட்டரில் வேலை பார்த்தவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறவரையும் பார்க்காமல் செய்கிறவரையும் எனக்கு உடனே தெரியும். இந்தப் பெரியவர் முகத்தைப் பார்ப்பவர். மகள் ஒரு புடவையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தால் அது ‘வேண்டாம்’ என்று புரிந்துகொண்டு மடித்துவிட்டார். இரண்டாவது முறை திரும்பிப் பார்த்ததை மட்டும் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தார். அப்படி ஒதுங்கியவை ஐந்து.

அந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு அவர் எங்களுக்கு நடத்தியது நல்ல பாடம். நான் இத்தனை வருடம் பட்டுக் கட்டியும் சரியாக அறியாதது கோர்வை. காஞ்சிபுரத்துப் பட்டின் பெருமையே அங்கேதான் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், ஊடை என்கிற குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா, உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று என்று மூன்று ஓட வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும்படி நெய்வதால் அதற்குக் கோர்வை என்று பெயர். ஒருவரால் மூன்று நாடாவையும் கவனிப்பது கடினம். பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். பெரியவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பாவின் தறியில் கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பதுதான் அவர் வேலையாம்.

“கரையில் உடல் நிறத்தின் சாயல் அடிக்கிறதா பாருங்கள்” என்று இரண்டு புடவைகளை அக்கம்பக்கத்தில் வைத்தார். ஒன்றில் மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையும். அந்த அரக்கு சுத்தமான அரக்கு. இன்னொன்றில் அதே நிறங்கள்தான். ஆனால் கரையைச் சாய்த்துப் பார்த்தால் மஞ்சள் மினுமினுத்தது. உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடுவதால் வரும் கலப்பு அது. பின்புறத்தைத் திருப்பி, கரை சேரும் கோட்டில் விரலை வைக்கச் சொன்னார். கோர்வைப் புடவையில் அந்த இடத்தில் சின்னஞ்சிறு முடிச்சுப் பற்கள்போல் விரலில் தட்டுப்பட்டன. என் மகள் கணினித் துறையில் வேலை செய்பவள். புடவை என்றால் கைப்பேசியில் நிறம் பார்த்து வாங்கிப் பழகியவள். அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

முந்தி வேறு நிறமாக இருந்தால், அது தொடங்கும் இடத்தில் பாவு நூலையே மாற்றிப் பழைய இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். அதைப் பிட்னி என்கிறார்கள். சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய பட்டை, நீர்க்கோடு மாதிரி தெரியும். நான் அதை இத்தனை காலம் நெசவுக் குறை என்று எண்ணி, அந்த இடம் தெரியாத புடவையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஜரிகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அங்கேதான் இருக்கிறது. அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயம் தோய்த்த பட்டு இழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. ஓர் இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். தெரிந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் சிவப்பு நூலை வைத்தே போலி செய்கிறவர்களும் இருப்பதால் அது மட்டும் போதாது. செம்புக் கம்பியும் செயற்கை இழையும் கொண்ட ஜரிகையும் கண்ணுக்கு அதேபோல் மின்னும். அது மோசமென்று சொல்லவில்லை. விலை குறைவு, எடை குறைவு, சின்ன விசேஷங்களுக்குத் தாராளமாகக் கட்டலாம். அசல் என்று சொல்லி அதை விற்பதுதான் தவறு. வெள்ளி விலை ஏறியதிலிருந்து இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் மிகப் பெரிதாகிவிட்டது. ஆகவே ஜரிகை எந்த வகை என்பதைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். எங்கள் சங்கத்தில் கேட்டவுடன் எழுதிக் கொடுத்தார்கள்.

இன்னொரு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். புடவையில் தொங்கும் சில்க் மார்க் அட்டை 2004இல் வந்தது. மத்திய பட்டு வாரியம் கொண்டுவந்த ஏற்பாடு. அது பட்டு நூல் அசலா என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஜரிகை வெள்ளியா செம்பா என்றோ, கைத்தறியா விசைத்தறியா என்றோ அது சொல்லாது. கைத்தறிக்குத் தனி முத்திரை இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அட்டையைக் காட்டி “எல்லாம் அசல்” என்று ஒருவர் சொன்னால், எது அசல் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

ஐந்தையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகலாமா என்று கேட்டபோது மணி பதினொன்றேகால். இதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். பெரியவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். முழங்கால் வலியோடு படியிறங்கிய அந்த மனிதரை நான் மறக்கமாட்டேன். வாசலில் நேர்வெயில் விழாத நிழலில், வெள்ளைச் சுவரை ஒட்டி ஒவ்வொன்றாக விரித்துப் பிடித்தார். உள்ளே ஒரேபோல் இருந்த இரண்டு அரக்குகள் வெளியே இரண்டு வேறு நிறங்களாகிவிட்டன. ஒன்று கருஞ்சிவப்பு, மற்றது குங்குமத்தில் ஒரு துளி காவி கலந்தது. மகளுக்கு உள்ளே மிகவும் பிடித்திருந்தது இந்த இரண்டாவது. வெளியே வந்ததும் அவளே அதை விலக்கிவிட்டாள். என்னை எதுவும் சொல்லவிடவில்லை. அம்மா நாற்காலியை வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைத்தான் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று அரக்கு உடல், ராமர் பச்சைக் கரை, முந்தியில் அன்னம். இன்னொன்று மயில்கழுத்து நிறத்தில், தங்கமாகவே நிறைந்த பெரிய கரையோடு. மகளின் கண் மயில்கழுத்தின்மேல் இருந்தது. சம்பந்தியம்மா அதைக் கவனித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அப்போது பெரியவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது: “இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருங்கள் அம்மா. மணவறையில் அப்படித்தானே உட்காரப் போகிறீர்கள்?” மயில்கழுத்தில் ஜரிகை அதிகம், எடையும் அதிகம். கொசுவம் வைத்து இடுப்பில் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தபோது கரை விறைத்து நின்றது. ஓமப் புகையில் இரண்டு மணி நேரம் இதைத் தாங்க வேண்டும் என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அரக்கு மடியில் படிந்து உட்கார்ந்தது. “இதுவே இருக்கட்டும் அத்தை” என்று சம்பந்தியம்மாவைப் பார்த்து அவளே சொன்னாள். விலை 41,600 ரூபாய். மீதித் தொகைக்கு மேல் கொஞ்சம் போட்டு, வரவேற்புக்கு மயில்கழுத்து நிறத்திலேயே எடை குறைந்த ஒன்றைச் சம்பந்தியம்மா எடுத்துக் கொடுத்தார்கள். நான் தடுத்தேன். “கண்ணு ஆசைப்பட்டுவிட்டாள், விடுங்கள் சம்பந்தி” என்று சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டுக்குள் முகூர்த்தப் புடவை பையில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நாள் எத்தனை இலகுவாகிவிட்டது என்று சொல்லி முடியாது. கனமான வேலையைக் கடைசிக்கு வைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. “மற்றவர்களுக்கு முதலில் எடுத்துவிடலாம், பெண்ணுக்கு நிதானமாகப் பார்க்கலாம்” என்று தொடங்கி, நிதானம் தீர்ந்த நேரத்தில் பெண்ணின் புடவைக்கு வருவார்கள். கண்ணும் களைக்கும் உறுப்புதான். முப்பது நாற்பது பட்டுகளைப் பார்த்தபின் அதற்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். நடுநடுவே வெள்ளை விரிப்பையோ வெளியே மரத்தையோ சிறிது நேரம் பார்த்துவிட்டு வந்தால் நிறம் மறுபடியும் தெளிகிறது.

ராகு காலம் முழுவதும் அருகிலிருந்த சைவ ஓட்டலில் இருந்தோம். இலைச் சாப்பாடு. அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு அரைமணி நேரம் கண் மூடினார். சாப்பிட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் மறுபடியும் கடைக்குள் போக வேண்டும். எண்ணெய்க் கை பட்ட பட்டு, யாருடைய புடவையாக இருந்தாலும், ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. கல் வைத்த மோதிரம், கூர்முனை வளையல்களைக் காலையிலேயே வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரும்படி எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். இழையை இழுத்துவிடும். சின்னக் கரையுள்ள பருத்திப் புடவையும், சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பும், மேலே வைத்துப் பார்க்க ஏற்ற சாதாரண ரவிக்கையும் போதும். சுடிதாரில் வந்திருந்தால் மகளால் கொசுவம் வைத்துப் பார்த்திருக்க முடியாது.

பிற்பகலில் எடுத்தவை சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, அம்மாவுக்கு வைர ஊசிக் கோடு போட்ட மெல்லிய புடவை ஒன்று. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். இவற்றுக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. அம்மாவின் புடவையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவர் வெங்காயச் சருகு நிறம் கேட்டார். கிழவிக்கு எதற்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நான் பதறினேன். பெரியவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்து வந்து, “இந்த நிறம் இப்போது யாரும் கேட்பதில்லை அம்மா, நீங்கள் கேட்டீர்களே” என்று மகிழ்ச்சியோடு அவர் மடியில் வைத்தார். மற்ற உறவினர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய புடவைகளை அன்று எடுக்கவில்லை. அவை ஆடித் தள்ளுபடியில் சென்னையிலேயே எடுத்துக்கொள்ளலாம். முகூர்த்தத்துக்கு ஆகாத ஆடி, சித்திமார்களுக்குப் புடவை எடுக்கத் தடையில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

குறை என்று சொன்னேன் அல்லவா, அது பில் போடும் இடம். ஆனி மாதக் கூட்டத்துக்கு ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடம் நின்றோம். உட்கார இருக்கை இல்லை. கழிப்பறை இருந்தது; ஆனால் மேல்மாடியில், அம்மாவால் ஏற முடியாத படிக்கட்டின் முடிவில். வயதான பெண்கள் ஒரு பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் ஜவுளி எடுக்க வருவது எதனால் என்பதைக் கடை நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு கழிப்பறை கட்டினால், அவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த மதிய ஓட்டலில் வசதி நன்றாக இருந்ததால் நாங்கள் சமாளித்தோம். முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் இதை விசாரித்துவிடுங்கள்.

மாலை நடை திறந்தபின் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். புடவைப் பையைப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே சற்று நேரம் வைத்துவிட்டு எடுத்தார் சம்பந்தியம்மா. மாப்பிள்ளையின் அக்கா கோயில் இட்லி வாங்கிக்கொண்டு வந்தாள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பது. மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும். ரயிலில் அதைப் பிட்டுப் பிட்டுப் பகிர்ந்து சாப்பிட்டோம். புடவைப் பை இருந்த பக்கம் யாரும் கையை நீட்டவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, நான் எழுந்திருக்கும் முன்பே, அம்மா பையை மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் போனபோது கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு, அதன்மேல் அரக்குப் புடவையின் ஒரு மடிப்பை மட்டும் பிரித்து வைத்திருந்தார். “வாடி, வந்து பார்” என்றார். வாசலில் பார்த்த அதே கருஞ்சிவப்பு. நானும் அம்மாவும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். பிறகு மடித்துப் பழைய பருத்தித் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுவந்தேன். முந்திக்குக் குஞ்சம் கட்ட வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.